வெள்ளைக்காரன் பிரித்த மொட்டைமாடி

தாம்பரத்தில் கிளம்பிய பீச் வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். குரோம்பேட்டை தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எங்க அபார்ட்மென்ட்ல வெள்ளைக்காரன் போகவே மாட்டேன்னுட்டான்டி."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"எந்த வெள்ளைக்காரன்க்கா?"

"எங்க செகரட்ரி சார்தான். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நாடகம் போட்டோம்ல, அதுல அவர்தான் கவர்னர். கொடிய எறக்கிட்டுக் கெளம்பிடணும். மனுஷன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி லாரி, பார்க்கிங்னு அரை மணி நேரம் பேசுறாரு."

"தியாகிங்கல்லாம்?"

"பொங்கல் ஆறிடும்னு சாப்பிடப் போயிட்டாங்க."

"அப்புறம் எப்படித்தான் போனாரு?"

"சும்மா போகல. மொட்டைமாடி ஏ பிளாக்குக்கு, பார்க்கிங் பி பிளாக்குக்குன்னு பிரிச்சு விட்டுட்டுப் போனாரு. நாடகம்னு நெனச்சுக் கை தட்டினோம். மறுநாளே சர்க்குலர் வந்துடுச்சு. இப்ப ஒரு பிளாக்லேருந்து இன்னொரு பிளாக்குக்குப் போகணும்னா வாட்ச்மேன்கிட்ட கையெழுத்துப் போடணும்."

"ஐயோ, நீங்க பி பிளாக், உங்க மாமியார் ஏ பிளாக்லதான இருக்காங்க?"

"ஆமா. அவங்க எங்க வீட்டுக்கு வந்து குழம்பைத் தொறந்து பார்க்கணும்னாலும் கையெழுத்துதான்."

மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"துணி காயப்போடத்தான் எடமில்ல. மத்தபடி, சுதந்திரம்னா சுதந்திரந்தான்டி."