விழத் தெரிந்தவர்

என் மாமனார் அழகாக விழுவார். கனத்த உடம்புதான், ஆனாலும் முழங்காலை மடித்து, தோளைச் சாய்த்து, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் தரையில் கிடப்பார். இளமையில் நாடகக் கம்பெனியில் செத்துச் செத்துப் பழகியவர்.

நான் காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல். அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார்கள். கொடுக்க வேண்டியதில்லை என்று காட்டுவது என் வேலை. இதில் முதுகுவலிக்காரர்கள் பெரிய தொல்லை. வலியைப் படம் பிடிக்க முடியாது. பாரம் தூக்குவதைப் பிடிக்கலாம். எனவே அவர்கள் வீட்டு வாசலில் மாமனாரை விழவைத்துவிட்டு, எதிரே காருக்குள் கேமராவோடு காத்திருப்பேன். ஓடிவந்து அவரைத் தூக்கினால் வழக்கு முடிந்தது.

மாமனாருக்கு இதில் ஏக உற்சாகம். "ஏமாத்துக்காரப் பசங்க மாப்பிள்ளை, நல்லா மாட்டுறானுங்க" என்பார். நானும் தலையாட்டுவேன்.

கடைசியாக மாட்டியவன் கிடங்கில் மூட்டை தூக்குபவன். அடுக்கு சரிந்து முதுகெலும்பில் விரிசல். இடுப்பில் பட்டை கட்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பான். மாமனார் விழுந்ததும் சுவரை விட்டுவிட்டு வந்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். படம் தெளிவாக வந்தது. அடுத்து அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்ததை நான் எடுக்கவில்லை. அது வழக்குக்குத் தேவைப்படவில்லை.

"அவன் முதுகுல மளுக்குனு சத்தம் கேட்டுச்சு மாப்பிள்ளை," என்றார் மாமனார், காரில் ஏறியதும்.

"எல்லாம் நடிப்பு மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

வழக்கில் ஜெயித்தேன். அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மேல்முறையீடு செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்க வீட்டுக்கே போனேன். அறையில் படுக்கைப்புண் நாற்றம். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" என்று கேட்டான். நாற்றத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது அதை வேடிக்கையாகச் சொன்னேன். மாமனார் தட்டை நகர்த்திவிட்டார்.

"உங்க வீட்டுச் சோறு தொண்டையில இறங்கல மாப்பிள்ளை."

மறுநாள் பார் கவுன்சிலுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை. ஆனால் அவர் நினைத்துக்கொண்டிருப்பதுபோல நான் ஆள்தெரியாமல் தவறு செய்துவிடவில்லை. அவனுடைய எக்ஸ்ரே என் மேசையில்தான் இருந்தது.

இத்தனை வருஷத்தில் பொய் வழக்குப் போட்ட ஒருவன்கூட மாமனாரைத் தூக்கியதில்லை. பொய்யன் உஷாராக இருப்பான். வாசலிலேயே நின்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவான். அந்தப் பொய்யர்களுக்கெல்லாம் கேட்ட பணம் கிடைத்தது. வலியை மறந்து ஓடிவருகிறவனுக்குத்தான் உண்மையில் வலி இருந்தது. முதல் ஆளிலேயே இது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரம்தான், வயதான காலத்தில் தனியாக எதற்கு இருக்கிறீர்கள் என்று, மாமனாரை எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன்.