வகுப்பு முடியும் வரை

எனக்குப் பிடித்த பாடம் மனிதவள மேலாண்மை, ஐயா. நிதிப் பாடம் முதலில் கொஞ்சம் கழுத்தை அறுத்தது. போகப் போக அதுவும் பிடிபட்டது. தலை நரைத்த பிறகு புதிதாக ஒன்று மண்டையில் ஏறுகிறது என்றால் அதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. நேரம் கிடைத்தால் நீங்களும் சேர்ந்து பாருங்கள்.

நான் சேரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சேர்ந்தவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் அவன் சின்னவன். எனக்குக் கல்யாணம் ஆன அன்று மனைவியோடு ஒரு பெட்டியும் அவனும் வந்தார்கள். அப்பா அம்மா இல்லாத பையன். அவனுக்குப் பல் விழுந்து முளைத்ததெல்லாம் என் வீட்டில்தான். படிக்கவைத்தேன். நான் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கிலேயே, மேலாளரிடம் பல்லைக் காட்டி, அவனுக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேலை வாங்கிக் கொடுத்தேன். இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற வணிக மேலாண்மைப் படிப்பு அது. வார நாள்களில் மாலை வகுப்பு மடிக்கணினியில் நடக்கும். மாதத்துக்கு ஒரு முறை சனி, ஞாயிறு நேரில் போய் உட்கார வேண்டும். நேர் வகுப்புக்கு அவன் போவான். அங்கே நல்ல சாப்பாடு, நாலு பெரிய மனிதர்களின் பழக்கம். கணினி வகுப்பு என்றால் அவனுக்குக் கண் சொக்கும்.

"மாமா, நீங்க சும்மா உக்காந்திருங்க, போதும். வருகை எடுக்கும்போது என் பேர்ல ஒரு வார்த்தை தட்டிடுங்க," என்றான். சரி, சின்னப் பையன், உழைத்துக் களைத்து வருகிறான் என்று, வேலை முடிந்ததும் கிடங்கிலேயே ஓர் அறையில் அவன் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். அது ஏமாற்று வேலைதான். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு காது கொடுத்தேன். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். முகம் காட்ட வேண்டியதில்லை, தட்டச்சு செய்தால் போதும். ஒரு நாள் பேராசிரியர் நான் கேட்ட கேள்வியைத் திரையில் நிறுத்தி, "இந்த வருஷம் எனக்கு வந்த நல்ல கேள்வி இதுதான்," என்றார். கேள்வியின் பக்கத்தில் சின்னவனுடைய பெயர் இருந்தது. இருந்தால் என்ன, கேட்டவன் யார் என்று எனக்குத் தெரியுமே. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இளவயதில் மேலே படிக்க ஆசைப்பட்டு, முடியாமல் போனவன் நான். அந்த ஆசை இன்னும் சாகவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் என்னைக் 'கதவண்ணன்' என்பார்கள். மூன்றாம் அறை உறைநிலை அறை. பட்டாணி, ஐஸ்கிரீம், இறைச்சி எல்லாம் கல் மாதிரி கிடக்கும். அதன் கதவை மூடுவதற்கு முன் ஒரு காலை உள்ளே வைத்து, உள்ளே போனவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் குரல் வந்தால், ஆள் வெளியே வரும்வரை நிற்பேன். குரல் வராவிட்டால் கடைசி அடுக்குவரை நடந்துபோய்ப் பார்ப்பேன். உள்ளிருந்து திறக்க ஒரு தள்ளுகம்பி உண்டு. ஈரம் ஏறினால் அது உறைந்து இறுகிவிடும். தினமும் அதைச் சூடான துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, நானே உள்ளே நின்று ஒரு முறை தள்ளிப் பார்ப்பேன். சுமை தூக்குகிற பையன்கள் கேலி செய்வார்கள். "அண்ணே, பட்டாணியையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கோவிச்சுக்கப் போவுது," என்பார்கள். நானும் சிரிப்பேன். நான் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த அறையில் மாட்டி விரல்களை இழந்தவர் ஒருவர் உண்டு. நான் வந்த பிறகு ஒருவர்கூட அடைபட்டதில்லை. அது எனக்குப் பெருமை.

படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும். தான் வேலை பார்க்கும் இடத்தையே ஆராய்ந்து, எதை மாற்றினால் மேலாகும் என்று சொல்ல வேண்டும். சின்னவன் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அப்படி அவன் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"மாமா, உங்க வேலையப் பத்தித்தான் எழுதப்போறேன். ஒண்ணு விடாம சொல்லுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். கதவடியில் எவ்வளவு நேரம் நிற்பேன், எத்தனை தடவை கூப்பிடுவேன், கம்பியை எப்படித் துடைப்பேன் என்று எல்லாம். இருப்பதற்குமேல் கொஞ்சம் கூட்டியே சொன்னேன், ஐயா. எவ்வளவு நேரம் நிற்கிறேனோ அவ்வளவு கருத்தாக வேலை பார்க்கிறேன் என்றல்லவா ஆகும் என்று நினைத்தேன். அவன் கைபேசியில் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டான். "என் பேரெல்லாம் போட வேண்டாம்ப்பா," என்றுகூட அடக்கமாகச் சொன்னேன். போடவில்லை. அந்த வார்த்தையை மட்டும் காப்பாற்றினான்.

அறிக்கையில் என்ன இருந்தது என்பதை வகுப்பில்தான் பார்த்தேன். நான்தானே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர், "நம் மாணவர் ஒருவரின் அருமையான வேலை," என்று அதைத் திரையில் விரித்தார். 'மதிப்புக் கூட்டாத பணிகள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நான் இருந்தேன். ஓர் ஊழியர் தன் வேலை நேரத்தில் பாதியை மூடாத கதவின் முன்னால் நின்று கழிக்கிறார், அந்த நேரமெல்லாம் குளிர் வெளியே போகிறது, ஆகவே அந்தப் பதவி தேவையில்லை, திறந்திருக்கும் கதவை யார் பார்த்தாலும் உடனே மூடிவிட வேண்டும், ஆளிருப்பைக் கண்டறியும் கருவி ஒன்றைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். பேராசிரியர், "அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம்," என்றார். வகுப்பே சிரித்தது. சிரிக்கிற முகப் படங்கள் திரை முழுக்க ஏறின. அதற்குப் பிறகு எல்லோரும் சின்னவனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவன் இடத்தில் இருந்தவன் நான். 'நன்றி சார், எல்லோருக்கும் நன்றி' என்று தட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்.

எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியுங்க. அவன் அப்பவே சொன்னான். உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான் நான் வாயத் திறக்கல."

"அப்பவேன்னா?"

"எழுத ஆரம்பிச்சப்பவே. அவன் மேல வந்தா நமக்குத்தானே நல்லது. உங்கள என்ன, தெருவுலயா விட்டுடப்போறான்?"

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கேட்டபோதெல்லாம் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சாப்பாடு எடுத்துவைத்தபோதெல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு அவள் கையால் எதைச் சாப்பிட்டாலும் எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை.

சின்னவனிடமும் கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்டேன். "அது உங்களப் பத்தி இல்ல மாமா, ஒரு பதவியப் பத்தி. நீங்களே கிளாஸ்ல படிச்சிருப்பீங்களே," என்றான். படித்திருந்தேன்தான். சொல்லிவிட்டு அவன் நகரவில்லை. "அடுத்த வாரமும் கிளாஸ மட்டும் பாத்துக்கிடுங்க மாமா. இன்னும் கொஞ்ச நாள்தான்," என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நிர்வாகம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பதவியை உடனே எடுத்தார்கள். கருவி அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். சின்னவன் துணை மேலாளர் ஆனான். என்னைக் காலிக் கூடைகள் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். கதவடியில் இருந்த என் நாற்காலியையும் தூக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் அழுத்தினால் ஒலிக்கிற மணி அந்த நாற்காலிக்கு மேலேதான் இருந்தது. அதை எடுக்கவில்லை. நானும் அந்தக் கம்பியைத் துடைக்கிற துணியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். மதிப்புக் கூட்டாத பணி என்று அச்சில் போட்டிருக்கும்போது அதை நான் எதற்குச் செய்ய வேண்டும். புது முறையை அந்தக் கிடங்கில் என்னைப் போல மதித்து நடந்தவர் யாரும் கிடையாது.

இனி அந்த நாள். பகல் ஆள்கள் போய்விட்டார்கள். மாலை ஆள்களுக்குக் கட்டடத்தின் மறுகோடியில் வண்டியிலிருந்து இறக்குகிற வேலை. மூன்றாம் அறைக் கதவு திறந்து கிடந்தது. மூடினேன். உடனே மூடச் சொல்லியிருக்கிறார்கள், மூடினேன். கூப்பிடச் சொல்லவில்லை, கூப்பிடவில்லை. அதோடு என் வேலை முடிந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைக்கிறீர்கள். புரிகிறது. அவன் உள்ளே இருந்தது எனக்குத் தெரியுமா என்பதுதானே. தெரியும். கடைசி நேர் வகுப்பில் அவன் அந்த அறிக்கையைப் பற்றி மேடையேறிப் பேச வேண்டியிருந்தது. புது முறைக்குப் பிறகு அறை எப்படி இருக்கிறது என்று காட்டப் படங்கள் வேண்டும் என்றான். மடிக்கணினியை என் கையில் கொடுத்து, "நீங்க கிளாஸ ஆரம்பிச்சுடுங்க மாமா, நான் ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்," என்றான். கடைசி அடுக்குக்குப் போய் நின்று எடுத்தால் வரிசை முழுக்கப் படத்தில் விழும் என்று சொன்னது நான்தான். நல்லதுக்குத்தான் சொன்னேன். குளிர்க்கோட்டு ஆணியில் தொங்கியது. "ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கு மாமா," என்று சட்டையோடு போனான். நான் வற்புறுத்தவில்லை. துணை மேலாளரை நான் எப்படி வற்புறுத்துவது.

உள்ளே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. கம்பி அன்றைக்கு அசைந்திருக்காது. மணி இருந்தது, அதை அழுத்தினான்.

மணிச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. வகுப்பில் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று ஒலிவாங்கியை அணைத்து வைத்தேன். அன்றைக்குப் பாடம் நீளம். வழக்கமான பாடம் முடிந்து, தேர்வுக்கான மறுபார்வையும் இருந்தது. மணி விட்டு விட்டு அடித்தது. நடுவில் கதவை உதைக்கிற சத்தமும் வந்தது. சின்ன வயதில் கோபம் வந்தால் அவன் அப்படித்தான் கதவை உதைப்பான். அவன் அக்காதான் போய்த் திறப்பாள்.

பேராசிரியர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். "உங்க திட்டத்தால அங்க வேலை செய்யிற மனுஷங்களுக்கு என்ன கிடைச்சுது, ரெண்டு வரியில சொல்லுங்க," என்றார். நான் நிதானமாக யோசித்துத் தட்டினேன். 'இனி யாரும் யாருக்காகவும் கதவடியில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை, சார்.' கைதட்டுகிற படங்கள் வந்தன. பேராசிரியர் ரொம்ப நேரம் பாராட்டினார். அவர் பாராட்டி முடித்தபோது மணி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நானேதான் கதவைத் திறந்தேன். நானேதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கோட்டை எடுத்து அவன்மேல் போர்த்தியதும் நான்தான். அவன் அக்கா வந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "கேட்டுக்கிட்டே எப்படிங்க உக்காந்திருந்தீங்க, எப்படி உக்காந்திருந்தீங்க," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். வருகை கடைசியில்தான் எடுப்பார்கள், ஐயா. பாதியில் எழுந்து போயிருந்தால் அன்றைக்கு அவன் வரவில்லை என்று போட்டிருப்பார்கள், அவனைத் தேர்வு எழுத விட்டிருக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன் நான். என்னால் அவன் படிப்பு கெட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.