சந்தனம் ஒட்டிய பொத்தான்

தவளக்குப்பம் போகிற பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஒரு சந்தனப் பொட்டு என் வேலைக்கே உலை வச்சிருக்கும்க்கா" என்றார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"என்னா தம்பி சொல்ற?"

"நம்ம மில்லுல பீரோ மாதிரி பழைய கம்ப்யூட்டர் இருக்குல்ல? டிஸ்க்குல புது சிஸ்டம் ஏத்தணும். மூணு நாளா ஏறல. இன்னிக்கும் ஏறலன்னா வீட்டுக்குப் போன்னுட்டாரு மொதலாளி."

"ஆயுத பூசைக்கு நாந்தானே அதுக்குப் பொட்டு வச்சேன்!"

"டிஸ்க்குல எதையும் ஏத்த உடாம பூட்டுற பொத்தான் மேல வச்சிட்டீங்க. சந்தனம் காய்ஞ்சு, பொத்தான் அமுங்கினபடியே ஒட்டிக்கிச்சு. காலையில நீங்க ஈரத்துணியால தொடச்சீங்களே, டக்குனு வெளிய வந்துச்சு. சிஸ்டமும் ஏறிடுச்சு."

"இப்ப என்னைத் திட்டுறியா, கும்புடுறியா?"

"கும்புடுறேன்க்கா."

தவளக்குப்பத்தில் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு அவரே முதலில் இறங்கினார்.