சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

— சொவத்தப் பாத்து ஒக்காந்துட்டா எனக்குக் காது கேக்காதா பொன்னி? 'சாப்புடும்போது தட்டப் பாக்குறாங்க'ன்னு என்னைப் பத்திச் சொன்னவ எவ? பேரச் சொல்லு!

— பேரு சொல்லக் கூடாது அண்ணி. நம்ம குழுவோட சட்டம் அது.

— இன்னா நியாயம் இது? எனக்கே சட்டம் சொல்றியா? சுனாமிக்கு அப்பறம் குழு ஆரம்பிச்சது நானு. சிதம்பரத்துல மெஸ்ஸு தொறந்தது நானு. 'திட்டாம கொறையச் சொல்லிப் பழகுங்க'ன்னு சொல்லிக் குடுக்க, கடலூர்லேருந்து மேடத்தக் கூட்டியாந்ததும் இந்த ஜெயராணிதான்டி!

— அந்த மேடம் மொகத்தப் பாத்துத்தான் சொல்லச் சொன்னாங்க. நம்ம பொம்பளைங்க பயந்துகிட்டு, கொறை கேக்குறவங்கள சொவத்தப் பாத்து ஒக்கார வெச்சுட்டோம். ஆளாளுக்கு சுல்தானா காதுல சொல்லுவோம், அவ தன் வாயால எடுத்துச் சொல்லுவா. நீங்களும்தான சரின்னீங்க.

— சரின்னேன். இப்புடி மானத்த வாங்குவாளுங்கன்னு கண்டேனா? 'தட்டப் பாத்து அவுங்க பெருமூச்சு வுட்டா எனக்குச் சோறு எறங்கல. நிம்மதியா சாப்புட வுட்டாப் போதும்.' அந்த சுல்தானா எம்மாம் பதமா சொல்றா! வாழப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி!

— அவ இன்னா பண்ணுவா, பாவம். போன கூட்டத்துல தில்லையம்மா ஒக்காந்து அழுதப்ப, 'அன்பாத்தானடி சொல்றாங்க, வாங்கிக்க'ன்னு நீங்கதான சொன்னீங்க.

— அவ சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. ஊரே சொல்லுச்சு, உண்ம. இது பச்சப் பொய்! அவளுங்க சாப்புடுற நேரம் நான் கல்லாவுல இருக்கேன். நடுவுல சொவரு. எவ தட்டு என் கண்ணுக்குத் தெரியும்?

— தெரியாதுதான் அண்ணி.

— அப்ப பொய்தான? தில்லையம்மா வேலதான் இது. உப்புக்குப் பழி வாங்குறா. நாளைக்கே கூட்டத்தப் போட்டு அவள வெளிய அனுப்பலன்னா பாரு.

— அய்யோ, அவ இல்ல அண்ணி. ரெண்டு புள்ளைங்கள வெச்சிகிட்டு இந்த மெஸ்ஸ நம்பித்தான் இருக்கா.

— அவளுக்கு நீ ஏன் பரிஞ்சுகிட்டு வர்ற? என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா? உம் புருசன் வுட்டுட்டுப் போனதுலேருந்து எங்க வீட்லதான இருக்க. நீயே சொல்லு, என்னைக்காவது யாரு தட்டயாவது பாத்திருக்கேனா?

— ஆலப்பாக்கம் பஸ்ஸு வருதான்னு பாக்குறேன்.

— பஸ்ஸு கெடக்கட்டும்! நாளைக்குக் கூட்டத்துல நீ எழுந்து நிக்கணும். 'எங்க அண்ணி அப்புடிப்பட்டவங்க இல்ல'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்.

— என்னால முடியாது அண்ணி.

— முடியாதா? எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு முடியாதுன்றியா?

— தில்லையம்மாவ வுட்டுடுங்க அண்ணி. சுல்தானா காதுல சொன்னது நான்தான். மெஸ்ஸுல நடந்தத நான் சொல்லல. வீட்ல உங்கள சொவத்தப் பாத்து ஒக்கார வெக்க எனக்கு யாரு இருக்கா?