அரை இஞ்சு கூட்டி

அட, ஆள நேர்ல கூட்டிட்டு வந்தாத்தான் செருப்பு தைப்பேன்னா எப்படிண்ணே? அதான் தாள்ல அளவு வரைஞ்சு குடுத்திருக்கேன்ல. ரெண்டு பாதமும் இருக்கு. அந்தப் பெருசு எடது. தப்பா ஒண்ணும் வரையல, நல்லாப் பாருங்க.

ஆமா, யானைக்கால்தான். எம் பொண்டாட்டிக்கு. அதுக்கு ஏன் கொரலத் தாழ்த்துறீங்க? தொட்டா ஒட்டிக்காதுண்ணே. கொசு கடிச்சு உள்ள போற புழு அது. புழு செத்தாலும் வீக்கம் போக மாட்டேங்குது. ஆறு வருஷமாச்சு.

கூலியா? நீங்க சொன்னதே இருக்கட்டும். என்ன அப்படிப் பாக்குறீங்க? தெரு முனையில பழைய சாமான் கடையில கத்திக்கிட்டே இருப்பானே ஒருத்தன், அது நான்தான். சொன்ன வெலைக்கு ஒரு கரண்டிகூட வாங்கினதில்ல. எமனே வந்தாலும் பேரம் பேசிப் பாதி உசுர மிச்சம் புடிச்சிருவீங்கன்னு அவ சிரிப்பா. இன்னிக்குப் பேரம் வேணாம். சாயங்காலத்துக்குள்ள வேணும், அவ்வளவுதான்.

நாளைக்கெல்லாம் ஆகாதுண்ணே. கையில இருக்குற வேலையக் கொஞ்சம் தள்ளி வைங்க. என்னது, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஜோடி மாதிரியே இருக்காதா? நானும் அவளும் மட்டும் ஜோடி மாதிரியா இருந்தோம்? அவ தோளுக்குத்தான் நான் வருவேன். கல்யாணப் போட்டோவுக்கு என்னச் செங்கல் மேல ஏத்தி நிறுத்தினான் படம் புடிச்சவன்.

நான் கத்தி வெரட்டின ஆளக்கூட அவ சிரிச்சே திரும்பக் கடைக்குள்ள கூட்டிட்டு வந்துருவா. கால் வீங்கினப்புறமும் வந்துக்கிட்டுதான் இருந்தா. ஒரு நாள் ஒருத்தி, இவ தொடைச்சுக் குடுத்த டம்ளர வாங்காம, புள்ளயப் பின்னால இழுத்துக்கிட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். தெருவே கூடிருச்சு. இவளுக்காகத்தான் கத்தினேன். ஆனா வந்து நின்ன அத்தன பேரும் இவ காலத்தான் பாத்தாங்க. மறுநாள்லேருந்து அவ கடைக்கு வரல.

வீட்டுக்குள்ளயே கெடந்தா. தெனம் காலக் கழுவி, ஈரம் இல்லாமத் தொடைச்சு, மருந்து போடணும். மொதல்ல அத விட்டா. அப்புறம் தல சீவுறத. அப்புறம் சோத்த. எந்திரிடின்னு கத்துவேன். சோம்பேறின்னுகூடச் சொல்லிருக்கேன். டாக்டரும் காலத்தான் பாத்தாரு, டேப்பு வெச்சு அளந்தாரு, மாத்திர எழுதினாரு. அவ மூஞ்சிய யாரும் பாக்கலண்ணே. நானும் பாக்கல.

பழைய செருப்பா? அளவுக்கு வேணுமா? இல்ல.

இருந்துச்சு. கதவோரம் மூணு ஜோடி. கால் வீங்குறதுக்கு முன்னால வாங்கினது. எல்லாத்தையும் விட்டவ, அதத் தூசி தட்டி வெக்கிறத மட்டும் விடல. நான் யாவாரிண்ணே. ஒரு சாமான் சும்மா கெடந்தா எனக்குக் கை அரிக்கும். போன வாரம் எடுத்துட்டுப் போயி மூணையும் வித்துட்டேன். வீட்டுக்கு வந்து பெருமையா வேற சொன்னேன், நல்ல வெலைக்குப் போச்சுன்னு. கதவோரத்தப் பாத்தா. வித்துட்டீங்களான்னா. ஆமான்னேன். நல்லதுதான், இனி எதுக்குன்னா. நான் கை கழுவிட்டுச் சாப்பிட உக்காந்துட்டேன்.

என்னண்ணே, தாளத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? நின்னு எடுத்த அளவு இல்லையா? அது எப்படிச் சொல்றீங்க?

ஓ... ஒடம்பு பாரம் எறங்கினாப் பாதம் பரவுமா. விரல் விரியுமா. இதுல விரியலையா.

சரிதான். தொழில் தெரிஞ்சவர்கிட்ட பொய் செல்லாது.

அவ நிக்கலண்ணே. படுத்திருந்தா. ஆஸ்பத்திரியில. காலையில நர்சம்மாகிட்ட பேனா வாங்கி, தாள அட்டையில வெச்சுப் பாதத்தோட ஒட்டிப் புடிச்சு, நான்தான் வரைஞ்சேன். உள்ளங்காலத் தொட்டா கூச்சத்துல ஒதைப்பா எப்பவும். இன்னிக்கு ஒதைக்கல. செருப்ப வித்த மறுநாளே எடுக்கக் கூடாத முடிவ எடுத்துட்டா. இன்னியோட நாலு நாள், கண்ணு தொறக்கல. இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும், அப்புறந்தான் சொல்ல முடியும்ங்கறாரு டாக்டர். அதான் சாயங்காலத்துக்குள்ளன்னேன். கண்ணத் தொறந்தா கட்டிலோரம் மொதல்ல செருப்பு தெரியணும்.

நான் எங்கயும் போகல, இங்கயே உக்காந்துக்கிறேன். அண்ணே, ஒண்ணு மட்டும். நின்னா எவ்வளவு பரவும்? அரை இஞ்சா? அந்த அரை இஞ்சையும் கூட்டியே வெட்டுங்க. படுத்திருக்குற காலுக்கு வேணாம்ண்ணே. நிக்கிற காலுக்கு வெட்டுங்க.