அண்ணைக்கு ஒரு பாட்டு

எங்கட பக்கம் பொழுதுபட்டால், வயலுக்கு வருகிறவர்கள் பாடிக்கொண்டுதான் வருவார்கள். ஒட்டுசுட்டானில் யானைத் தொல்லை உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா. நெல் முற்றினால் வீட்டுக் கறண்டை இழுத்து வேலிக் கம்பியில் கொடுத்துவிடுவோம். சட்டப்படி பிழைதான். தொட்டால் ஆளும் மிஞ்சாது, அதனால்தான் அந்தப் பாட்டு ஒழுங்கு. வருகிற ஆள் வாய்க்கால் கரையில் வரும்போதே குரல் கொடுக்க வேண்டும், கொட்டிலில் காவல் இருக்கிறவன் சுவிச்சை அணைப்பான்.

என் தம்பி ரஜிதன் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவன். முதல் பாட்டு அப்பாவின் குடியைப் பற்றியது. யூடியூப்பில் ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். அப்பா கோயிலுக்குப் போவதை விட்டார். அடுத்தது, புருசன் விட்டுப்போன அக்காவின் கதை. அந்தப் பாட்டோடு கனடா மேடைக்குப் போய்வந்தான்.

"உன்ர பேரைச் சொல்லேல்லையே, அக்கா."

"பேர் என்னத்துக்கடா? ஊருக்கு என்ர முகம் தெரியும்."

போன மாசம் சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து குந்தினான்.

"அண்ணை, அடுத்த பாட்டு உனக்கு."

"என்னட்டை என்ன கிடக்கு பாட?"

"முள்ளிவாய்க்கால். ஆறு வயசெண்டாலும் எனக்கு எல்லாம் ஞாபகம். பயப்பிடாத, உன்ர ஓட்டைப் பல்லைப் பாடமாட்டன்."

சிரித்தேன். என் சோற்றை மூடி வைத்தேன்.

செல் குண்டு விழுந்த இடத்திலேயே அம்மா முடிந்துவிட்டா என்றுதான் பதினாறு வருசமாகச் சொல்லிவருகிறேன். அப்பாவும் அக்காவும் முன்னால் போய்விட்டார்கள். அம்மாவுக்குக் காலில்தான் காயம். தண்ணி கேட்டா. கொண்டுவாறன் என்று சொல்லிவிட்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சனத்தோடு நடந்துவிட்டேன். இரண்டு பேரைத் தூக்க ஏலாது. அதில் பிழை இல்லை. ஆனால் மெட்டுப் போட்டால் ஊரே அதை முணுமுணுக்கும்.

செவ்வாய்க்கிழமை போன் எடுத்தான். "பாட்டு முடிஞ்சுது. முதல் கேக்கிற ஆள் நீதான். வயலுக்கு வாறன்."

பொழுதுபட்ட மைம்மலில் வாய்க்கால் கரையில் அவன் குரல் கேட்டது. என் கை சுவிச்சில்தான் இருந்தது. அண்ணன் தோளிலிருந்து பார்த்த வானத்தைப் பாடினான். தான் பட்டினி கிடந்து அண்ணன் ஊட்டிய கஞ்சியைப் பாடினான். நல்ல மெட்டு. பிறகு மூச்சு எடுத்தான். இனி அம்மா வருவா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பிக்குக் கிட்ட வந்துவிட்டான். நான் சுவிச்சை அணைக்காமலே கையை எடுத்தேன்.

அவன் பிரேதத்தின் சட்டைப் பையில் பொலிஸ் எடுத்த தாளை நீங்கள் வாசித்துவிட்டீர்கள். அதில் அம்மா இல்லை என்கிறீர்கள்.

மற்றப் பக்கத்தையும் பிரட்டிப் பாருங்கோ, ஐயா.