ஒன்பதாம் பக்கத்து வரி

புதுச் சாமான் வாங்கினால் அட்டைப்பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். உள்ளே இருக்கும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் புத்தகத்தை எழுதுகிறவன் நான். கேஸில் வெந்நீர் போடும் கெய்சர் கம்பெனியில் வேலை. அதில் எனக்கு மனக்குறை எதுவும் கிடையாது, அதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் அண்ணன் நல்ல மனிதர். மரச்சாமான் கடை வைத்திருந்தார். மிக்ஸி, டிவி என்று எது வாங்கினாலும் புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்காமல் எனக்குப் போன் போடுவார்.

"மாப்ளே, இந்தச் சிவப்பு பட்டன் எதுக்கு?"

"புத்தகத்துல இருக்கு மச்சான்."

"அட, நடமாடுற புத்தகம் நீங்க இருக்கும்போது அது எதுக்கு?"

சாப்பாட்டில் கை வைத்திருப்பேன். இருந்தாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன்.

போன மாதம் அவர் கடைக்குப் போயிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு, நான் எழுதிய புத்தகத்தை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். "பாத்தீங்களா மாப்ளே, உங்க எழுத்து எவ்வளவு கனம் தாங்குது!" என்றார். சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

அவர் புது வீட்டுக் குளியலறைக்கு ஒரு கெய்சர் வாங்கிக் கொடுத்தேன். கூட வைத்த புத்தகத்தை மட்டும் தனியாக அச்சடித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், கேஸ் எரியும்போது வரும் விஷவாயு வெளியே போவதற்காக, "ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே பயன்படுத்தவும்" என்றிருக்கும். "மூடிய பிறகே" என்று மாற்றினேன். அவ்வளவுதான். படிக்காத வரை ஒரு வரி யாரை என்ன செய்துவிடும்? அவர் படிக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

படித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "மாப்ளே, அன்னிக்கு நான் பேசினது தப்பு. தங்கச்சி சொல்லி வருத்தப்பட்டா. அதான் உங்க புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து படிச்சிட்டிருக்கேன். ஆமா, ஜன்னலை மூடணும்னு போட்டிருக்கே, மூச்சு முட்டாதா?"

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். இத்தனை வருடம் எல்லோரையும் படி, படி என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கும்போது, படித்ததை நம்பாதீர்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது?

"அதுல என்ன போட்டிருக்கோ அப்படியே செய்யுங்க மச்சான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

மதியம் கதவை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். என் மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் புத்தகம் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறாராமே. எங்கேயாவது புரியவில்லை என்று எழுதியிருக்கிறாரா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.